‘தக்கது’ என்னும் சொல்லும் இயற்கைத் தேர்வும்: ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

சார்லஸ் டார்வினின் இயற்கைத் தேர்வுக் கொள்கை தமிழில் பெரிதும் ‘தக்கன பிழைக்கும்’ என்னும் தொடரின் வழியாகவே அறிமுகமாகியுள்ளது. அறிவியல் கட்டுரைகளில் மட்டுமன்றி, மேடைப் பேச்சிலும் அன்றாட உரையாடலிலும் இத்தொடர் பயின்று வருகிறது. தொழிலில் நலிந்தவரை, தேர்வில் தோற்றவரை, நோயுற்றவரைச் சுட்டும் இடங்களிலும் இது ஓர் இயற்கை நியதியாக எடுத்தாளப்படுவதைக் காண்கிறோம். தமிழில் ‘தகு’ என்னும் வினையடியிலிருந்து பிறந்த தக்கது, தகுதி, தகவு, தகாதது ஆகிய சொற்கள் நெடுங்காலமாக அறமதிப்பை உணர்த்தி வருபவை. அவ்வடியே உயிரியலின் கலைச்சொற்களுக்கும் அடியாக அமைந்தபோது, உயிரியல் கூறாத ஒரு மதிப்பீடு அதன்மேல் ஏறிவிட்டதோ என்னும் ஐயம் எழுகிறது.

உயிரினக்கூட்டங்களில் இயற்கைத் தேர்வு உண்மையில் எவ்வாறு நிகழ்கிறது, அந்நிகழ்விலிருந்து ‘இவர் தக்கவர், இவர் தகாதவர்’ என்னும் அறத்தீர்ப்பைப் பெற இயலுமா என்னும் இரு வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது. முதல் வினாவிற்குக் கலாபகசுத் தீவுக் குருவிகளும், இந்தியாவிலும் காணப்படும் கதிர் அரிவாள் இரத்தச்சோகையும் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

1. தொடரின் வரலாறு

1858-ஆம் ஆண்டு சூலை 1-ஆம் நாள் இலண்டன் லின்னேயன் கழகத்தில் டார்வின், ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் ஆகிய இருவரின் கட்டுரைகளும் ஒருங்கே படிக்கப்பட்டன. டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ 1859-இல் வெளிவந்தது. ‘தக்கன பிழைத்தல்’ என்பதற்கு மூலமான ஆங்கிலத் தொடர் அந்நூலின் முதற்பதிப்பில் இல்லை. அதனை ஆக்கியவர் எர்பர்ட் ஸ்பென்சர், ஆண்டு 1864. ‘தேர்வு’ என்ற சொல் தேர்ந்தெடுக்கும் ஒருவரை உள்ளத்தில் தோற்றுவிக்கிறது என்றும், ஆதலின் ஸ்பென்சரின் தொடரே ஏற்றது என்றும் வாலஸ் 1866-இல் டார்வினுக்கு எழுதினார். 1869-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் டார்வின் அத்தொடரையும் சேர்த்துக்கொண்டார்.

இவ்வரலாற்றில் ஒரு முரண் உண்டு. தேர்பவர் ஒருவர் உளர் என்னும் மயக்கத்தை நீக்கக் கொண்டுவரப்பட்ட தொடர், எஞ்சியவை சிறந்தவை என்னும் மற்றொரு மயக்கத்திற்கு வழிவகுத்தது. முதல் மயக்கம் இயற்கையைத் தேர்வாளர் ஆக்கியது. இரண்டாவது, அத்தேர்வாளரின் தீர்ப்பை நியாயமானதாகவும் ஆக்கியது.

2. இயற்கைத் தேர்வு நிகழும் முறை

இயற்கைத் தேர்வு நிகழ்வதற்கு மூன்று நிலைமைகள் போதுமானவை. ஒன்று, ஓர் இனக்கூட்டத்தின் உறுப்பினர்களிடையே வேறுபாடு இருத்தல் வேண்டும். இரண்டு, அவ்வேறுபாடு பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு ஓரளவேனும் வருதல் வேண்டும். மூன்று, அவ்வேறுபாட்டின் காரணமாகச் சிலர் மிகுதியான வழித்தோன்றல்களையும் சிலர் குறைவான வழித்தோன்றல்களையும் விட்டுச் செல்லுதல் வேண்டும். இம்மூன்றும் அமைந்தால், அடுத்த தலைமுறையில் அவ்வேறுபாடுகளின் விகிதம் மாறும். இங்கு மாறுவது தனி உயிரன்று, இனக்கூட்டம் என்பது கருதத்தக்கது. எந்த உயிரும் தன் முயற்சியால் தன் மரபணுவைத் திருத்திக்கொள்வதில்லை. பிறக்கும்போது கொண்டிருந்ததோடு அது வாழ்கிறது அல்லது மடிகிறது.

இதனைக் கண்முன் காட்டிய ஆய்வு, ஈக்வடார் நாட்டைச் சேர்ந்த கலாபகசுத் தீவுக்கூட்டத்தில் டாப்னி மேஜர் என்னும் சிறு தீவில் நிகழ்ந்தது. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் இணையர் 1973 முதல் நாற்பது ஆண்டுகள் அங்குள்ள ஃபிஞ்ச் குருவிகளைப் பிடித்து, வளையமிட்டு, அலகை அளந்து பதிவு செய்தனர். 1977-இல் அத்தீவில் கடும் வறட்சி ஏற்பட்டது. சிறிய, மென்மையான விதைகள் விரைவில் தீர்ந்துவிட்டன. நெருஞ்சிப் பேரினத்தைச் சேர்ந்த ஒரு செடியின் முள்ளுடைய கடினக் காய்களே பெரிதும் எஞ்சின. அவற்றை உடைக்க ஆழமான அலகு தேவைப்பட்டது. ஏறத்தாழ 1,200 ஆக இருந்த நடுத்தரத் தரைக்குருவிகள் ஏறத்தாழ 180 ஆகக் குறைந்தன. தப்பியவற்றின் சராசரி அலகு ஆழம், வறட்சிக்கு முன்னிருந்த கூட்டத்தின் சராசரியைவிட ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் மிகுந்திருந்தது. அலகின் அளவு மரபுவழி வருவதாகையால் அவற்றின் குஞ்சுகளும் பெரிய அலகுடன் பிறந்தன.

இத்துடன் ஆய்வு முடிந்திருப்பின், பெரிய அலகே ‘தக்கது’ என்று எழுதிவிடலாம். ஆனால் 1983-இல் எல் நினோவின் விளைவாகப் பெருமழை பெய்தது. சிறுவிதைச் செடிகள் தீவெங்கும் பெருகின. அதன்பின் வந்த வறண்ட காலத்தில் சிறிய அலகுடைய குருவிகளே மிகுதியாகத் தப்பின. 2003-இல் தொடங்கிய வறட்சியிலோ நிலைமை மேலும் வேறுபட்டது. இதற்குள் பெரிய தரைக்குருவி என்னும் மற்றோர் இனம் அத்தீவில் குடியேறி, கடின விதைகளை உண்டு தீர்த்தது. அதனோடு போட்டியிட இயலாமல் நடுத்தரக் குருவிகளுள் பெரிய அலகுடையவையே மிகுதியாக மடிந்தன. 1977-இல் வறட்சி காத்த அதே பண்பை, பிறிதொரு வறட்சி அதே தீவில் அழித்தது.

ஆகவே உயிரியலில் ‘தக்கது’ என்பது ஓர் உயிரின் உள்ளார்ந்த பண்பு அன்று. குறித்த இடம், குறித்த காலம், உடன்வாழும் பிற உயிர்கள் ஆகியவற்றோடு பொருந்தும் ஓர் உறவு. ‘எவற்றிற்குத் தக்கது?’ என்னும் வினாவிற்கு விடை கூறாமல் ‘தக்கது’ என்று மட்டும் கூறுவது பொருள் நிறைவற்ற தொடராகும்.

3. கதிர் அரிவாள் இரத்தச்சோகை

மனித இனக்கூட்டத்தில் இயற்கைத் தேர்வு நிகழ்வதற்குத் தெளிவான சான்றாக அமைவது கதிர் அரிவாள் இரத்தச்சோகை. 1910-இல் சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் எரிக் இந்நோயை முதன்முதலில் மருத்துவ இலக்கியத்தில் விவரித்தார். 1949-இல் லைனஸ் பாலிங் குழுவினர் இது ஈமோகுளோபின் மூலக்கூற்றின் மாறுபாட்டால் விளைவது எனக் காட்டினர். பின்னர் வெர்னான் இங்ராம் அம்மாறுபாடு ஒரே ஓர் அமினோ அமிலத்தின் மாற்றமே என நிறுவினார். பீட்டா சங்கிலியின் ஆறாம் இடத்தில் குளுட்டாமிக் அமிலத்திற்கு மாற்றாக வேலின் அமைகிறது. இம்மரபணு வடிவத்தைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற குழந்தையின் சிவப்பணுக்கள் ஆக்சிசன் குறையும்போது அரிவாள் போல் வளைந்து நுண்குழல்களை அடைக்கின்றன. கடும் வலியும் இரத்தச்சோகையும் உறுப்புச் சிதைவும் விளைகின்றன. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் பெரும்பாலும் நலமாகவே வாழ்கிறார்.

இத்துணைக் கேடு விளைக்கும் மரபணு ஏன் மறையவில்லை என்பது வினா. 1949-இல் ஜே.பி.எஸ். ஹால்டேன், தலசீமியா என்னும் பிறிதோர் இரத்தநோய் தொடர்பாக, அதன் மரபணுவை ஒற்றையாகப் பெற்றவர்க்கு மலேரியாவிலிருந்து காப்புக் கிட்டக்கூடும் என்று கருதினார். இவர் 1957-இல் இந்தியாவிற்குக் குடிபெயர்ந்து, 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்தவர். 1954-இல் ஆண்டனி ஆலிசன், கிழக்கு ஆப்பிரிக்காவில் கதிர் அரிவாள் மரபணுவை ஒற்றையாக உடைய குழந்தைகள் மலேரியாவின் கொடுமையிலிருந்து பெரிதும் காக்கப்படுவதைக் காட்டினார். இந்தியாவில் இம்மரபணு முதன்முதலில் பதிவானது தமிழகத்து நீலகிரியில்தான். அங்குள்ள பழங்குடியினரிடையே ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் ஆகியோர் செய்த ஆய்வு 1952-இல் வெளியாயிற்று.

இம்மரபணு எவ்வாறு நிலைபெறுகிறது என்பதைப் புரிதலுக்காக அமைத்துக்கொண்ட ஒரு கணக்கால் விளக்கலாம். ஓர் ஊர்த்தொகுதியில் 10,000 குழந்தைகள் பிறப்பதாகவும், அக்குழந்தைகளின் 20,000 மரபணுப் படிகளுள் பத்தில் ஒரு பங்கு கதிர் அரிவாள் வடிவம் எனவும் கொள்வோம். 1908-இல் ஹார்டி, வைன்பெர்க் ஆகியோர் தனித்தனியே கண்ட விதிப்படி, 8,100 குழந்தைகள் அவ்வடிவம் இல்லாதவர். 1,800 பேர் ஒற்றையாக உடையவர். 100 பேர் இரட்டையாக உடைய நோயாளர். மருத்துவம் இல்லாத சூழலில் அந்த 100 பேரும் இறந்துவிடுகின்றனர் என்க. அவர்களோடு கதிர் அரிவாள் மரபணுவின் 2,000 படிகளில் 200 மறைகின்றன. மரபணு இல்லாத 8,100 பேருள் 900 பேரை மலேரியா கொல்கிறது என்க. அவர்களோடு இயல்பு மரபணுவின் 18,000 படிகளில் 1,800 மறைகின்றன. இருவகையிலும் இழப்பு பத்தில் ஒன்றே. எனவே எஞ்சிய 9,000 பேரிடம் பழைய விகிதமே நிலைக்கிறது. அடுத்த தலைமுறையிலும் 10,000-க்கு 100 பேர் நோயாளராகவே பிறப்பர்.

உயிரியலார் இதனைச் ‘சமநிலைத் தேர்வு’ என்பர். இக்கணக்கில் அம்மரபணு அறவே இல்லாதிருந்தால் 10,000 பேரும் மலேரியாவிற்கு ஆளாகி, அதே வீதத்தில் 1,111 பேர் இறந்திருப்பர். மரபணு இருத்தலால் இறப்பு 1,000 ஆகக் குறைகிறது. கூட்டத்தின் நோக்கில் இது ஆதாயமே.

4. ‘சமநிலை’ என்னும் சொல் மறைப்பது

இவ்விடத்தில்தான் அறவினா எழுகிறது. கூட்டத்தின் கணக்கு சரியாக இருக்கிறது. ஆயினும் அக்கணக்கில் மலேரியாவினின்று 211 பேர் தப்புவதற்கு ஈடாக 100 குழந்தைகளின் வாழ்வு செலவாகிறது. அவர்கள் எவரும் இசைவு தரவில்லை. அவர்தம் துன்பத்தைத் தியாகம் எனல் பொருந்தாது; தியாகத்திற்குத் தருபவரின் உள்ளம் வேண்டும். அதனைத் தண்டனை எனலும் பொருந்தாது. தண்டனைக்கு ஒரு குற்றம் வேண்டும். 1,800 பேருள் ஒருவனையும் 100 பேருள் ஒருவனையும் வேறுபடுத்துவது கருவுறும் வேளையில் நேர்ந்த சேர்க்கை ஒன்றே. ஒரே பெற்றோர்க்கு, ஒரே வீட்டில், ஒரு குழந்தை மலேரியாவினின்று காக்கப்படுவதாகவும் அதன் உடன்பிறப்பு நோயுற்றதாகவும் பிறக்கலாம். தாய் தந்தை இருவரும் மரபணுவை ஒற்றையாக உடையவராயின், ஒவ்வொரு பிறப்பிலும் நோய்க்கான வாய்ப்பு நான்கில் ஒன்று.

இக்குழந்தைகளுள் யாரைத் தக்கவர் என்பது? மலேரியா மிக்க இடத்தில் ஒற்றையாக உடையவரே மிகுதியாகப் பிழைக்கின்றனர். மலேரியா நீங்கிய இடத்தில் அம்மரபணு எந்த நலனும் தருவதில்லை. இக்குழந்தையின் உடலில் ஓர் அணுவும் மாறாமல், கொசு ஒழிப்பு நடந்த ஒரே காரணத்தால் அதன் ‘தகுதி’ மாறிவிடுகிறது. ஊரின் சாக்கடை நிலையைப் பொறுத்து மாறும் ஒன்றை மனிதரின் மதிப்பாகக் கொள்ளலாகாது.

5. தகுதியும் எச்சமும்

திருக்குறளின் ‘நடுவுநிலைமை’ அதிகாரம், ஒருவர் தக்கவரா தகவிலரா என்பதை அறிதற்குரிய அடையாளமாக அவரது ‘எச்சத்தை’க் காட்டுகிறது. எச்சம் என்பதற்குப் பரிமேலழகர் மக்கள் என்று பொருள் கொள்வார். மு. வரதராசனார் பின் எஞ்சி நிற்கும் புகழையும் பழியையும் கொள்வார். உயிரியலும் ஓர் உயிரின் தகுதியை அது விட்டுச்செல்லும் வழித்தோன்றல்களால் அளப்பதால், முதலுரையை நோக்குவார்க்கு இரண்டும் ஒன்றெனத் தோன்றக்கூடும்.

ஆயின் அவ்வொப்புமை சொல்லளவினதே. பரிமேலழகர் வேண்டுவது நன்மக்களை; எண்ணிக்கையை அன்று. மேலும், குறளில் தகுதி என்பது நடுவுநிலை பிறழாமை என்னும் ஒழுக்கம். அது முன்னரே உள்ளது. எச்சம் அதனை வெளிப்படுத்தும் அடையாளம். எச்சம் காணப்படாத இடத்தும் ஒழுக்கம் ஒழுக்கமே. உயிரியலிலோ வழித்தோன்றல்களின் எதிர்பார்ப்பளவிற்குத் தரப்பட்ட பெயரே தகுதி. அதற்கு அப்பால் நின்று போற்றத்தக்க பண்பு எதுவும் அச்சொல்லால் சுட்டப்படுவதில்லை.

அவ்வாறாயின் ‘தக்கன பிழைக்கும்’ என்பது ‘எஞ்சுவன எஞ்சும்’ என்னும் வெற்றுரையாகாதோ எனின், தொடரை மட்டும் நோக்கின் அவ்வாறே ஆகும். கொள்கையின் பொருள் அத்தொடரில் இல்லை. கடின விதையும் ஆழ்ந்த அலகும், மலேரியா ஒட்டுண்ணியும் சிவப்பணுவும் எனக் காரணத்தை இடந்தோறும் கண்டு காட்டுவதில்தான் அது உள்ளது. காரணத்தை விடுத்துத் தொடரை மட்டும் எடுத்துச் செல்வோர் அறிவியலை விட்டுவிட்டு அதன் நிழலையே எடுத்துச் செல்கின்றனர்.

6. உள்ளதும் வேண்டுவதும்

‘இவ்வாறு உள்ளது’ என்பதிலிருந்து ‘இவ்வாறு செய்தல் வேண்டும்’ என்பதை நேரே பெற இயலாது என்பதை டேவிட் ஹியூம் 18-ஆம் நூற்றாண்டிலேயே சுட்டினார். 1903-இல் ஜி.இ. மூர், நன்மையை இயற்கைப் பண்பு ஒன்றோடு ஒன்றாக்கிக் காணும் பிழையை விரிவாக ஆராய்ந்தார். டார்வினின் கொள்கைக்குப் பெருந்துணையாக நின்ற தாமஸ் ஹக்ஸ்லியே 1893-இல் ஆற்றிய சொற்பொழிவில், அறவளர்ச்சி இயற்கையின் போக்கைப் பின்பற்றுவதால் வருவதன்று, அதனை எதிர்த்து நிற்பதால் வருவது என்று வாதிட்டார்.

இதற்கு மறுப்பாக ஒரு கருத்து அடிக்கடி எழுப்பப்படுகிறது. நோயுற்றோரைக் காத்து, அவர்களும் பிள்ளை பெறச் செய்தால், காலப்போக்கில் இனம் நலிவடையாதோ என்பது அது. 1871-இல் வெளிவந்த தம் நூலில் டார்வினும் இவ்வச்சத்தைக் குறிப்பிட்டுள்ளார்; ஆயினும் நலிந்தோர்பால் நாம் கொள்ளும் பரிவைத் தடுப்பது நம் இயல்பின் மேன்மையான பகுதியைச் சிதைப்பதாகும் என்று அவரே தொடர்ந்து கூறினார். 1883-இல் ஃபிரான்சிஸ் கால்ட்டன் பெயரிட்ட இனமேம்பாட்டியல் அவ்வச்சத்தை மட்டும் வளர்த்தெடுத்து, 20-ஆம் நூற்றாண்டில் பல நாடுகளில் கட்டாயக் கருத்தடைக்கு இட்டுச் சென்றது.

இவ்வாதம் கணக்களவிலும் வலுவற்றது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் மலேரியா இல்லை என்றும், நோயுற்ற 100 பேரும் மகப்பேறு இன்றியே மறைகின்றனர் என்றும் கொள்க. அப்போதும் ஒரு தலைமுறையில் மரபணுவின் விகிதம் 10 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 9.1 விழுக்காடாகவே குறையும். ஏனெனில் அதன் 2,000 படிகளில் 1,800 நலமாக வாழ்பவரிடமே உள்ளன. ஆயினும் அறத்தின் வலிமை இக்கணக்கைச் சார்ந்ததன்று. கணக்கு வேறு விடை தந்திருப்பினும், நோயுற்ற குழந்தையைக் கைவிடுவது நியாயமாகியிராது. கணக்கு வழியைக் காட்டலாம்; செல்லவேண்டிய இடத்தை அது காட்டுவதில்லை.

7. இன்றைய இந்தியச் சூழல்

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கதிர் அரிவாள் நோயைத் தன் பட்டியலில் சேர்த்தது. 2023 சூலை 1-ஆம் நாள் மத்தியப் பிரதேசத்தின் சாதோலில் தேசியக் கதிர் அரிவாள் இரத்தச்சோகை ஒழிப்பு இயக்கம் தொடங்கப்பெற்றது. 17 மாநிலங்களில், பழங்குடியினர் மிக்க பகுதிகளை முதன்மையாகக் கொண்டு, 40 வயது வரையிலான 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பதும், 2047-க்குள் இந்நோய் ஒரு பொதுநலச் சிக்கலாக இல்லாமற் செய்வதும் அதன் நோக்கங்கள். பரிசோதிக்கப்பட்டவர்க்கு மரபணு நிலையைக் குறிக்கும் அட்டைகளும் வழங்கப்படுகின்றன.

நோக்கம் நன்று. எனினும் ‘ஒழிப்பு’ என்பது துன்பத்தை ஒழிப்பதா, மரபணுவை ஒழிப்பதா, அதனை உடையவரை ஒதுக்குவதா என்பது ஒவ்வோர் ஊரிலும் அட்டையைப் பெறுபவர் எவ்வாறு நடத்தப்படுகிறார் என்பதைப் பொறுத்தே தீர்மானமாகும். அமெரிக்காவில் 1970-களில் கருப்பின மக்களிடையே நடத்தப்பெற்ற பரிசோதனைகளில், மரபணுவை ஒற்றையாக உடைய நலமானவர்களும் நோயாளராகக் கருதப்பட்டனர். வேலையும் காப்பீடும் மறுக்கப்பட்ட நிகழ்வுகள் உண்டு. அந்நாட்டு வான்படைக் கழகம் அத்தகையோரைச் சேர்க்கும் தடையை 1981-இல்தான் நீக்கியது.

தமிழ்ப் புலமையாளர்க்கு இதில் ஒரு பொறுப்பு உண்டு. மரபணுவை ஒற்றையாக உடையவரை நம் நூல்கள் ‘கடத்தி’ என்கின்றன. தொற்றுநோயைப் பரப்புபவர் என்னும் பொருளை அச்சொல் எளிதில் தோற்றுவிக்கிறது. திருமண வயதில் இருக்கும் ஒரு பெண்ணைப் பற்றி ஊரில் அச்சொல் வழங்கினால் அவள் வாழ்வில் என்ன நேரும் என்பதை எண்ணிப்பார்த்தல் வேண்டும். ‘ஒற்றை மரபணு உடையவர்’ எனல் நீண்டதாயினும் உண்மையானது. அவ்வாறே ‘தக்கன பிழைக்கும்’ என்பதற்கு மாற்றாக ‘அவ்விடத்துப் பொருந்துவன பெருகும்’ எனக் கற்பித்தால் இடச்சார்பும் விளங்கும், புகழுரையும் நீங்கும்.

முடிவுரை

இயற்கைத் தேர்வு என்பது வேறுபாடும் மரபும் இடமும் கூடி, வழித்தோன்றல்களின் விகிதத்தை மாற்றும் நிகழ்வு. அதற்கு நோக்கம் இல்லை. டாப்னி மேஜரில் காத்த அலகையே அது பின்னர் அழித்தது. அதற்கு நீதியும் இல்லை. ஒரு குழந்தையைக் காக்கும் மரபணுவாலேயே அதன் உடன்பிறப்பைத் துன்புறுத்துகிறது. இவற்றை அறிவது நோயின் காரணத்தை அறியவும், யாருக்கு எப்போது உதவ வேண்டும் என்பதைத் திட்டமிடவும் பயன்படும். யார் உதவிக்குத் தக்கவர் என்பதை அது கூறாது. அவ்வினா மனிதர்க்குரியது, தமிழில் ‘தகுதி’ என்னும் சொல் தொன்றுதொட்டு விடைதேடி வந்ததும் அவ்வினாவிற்கே. அச்சொல்லை உயிரியல் கடனாகப் பெறலாம். அதன் பழைய பொருளை இழந்துவிடாமல் காப்பது மொழியறிந்தோர் கடமையாகும்.